பதினோராம் பக்கம்

கிளேபாங் கடற்கரைச் சாலையில் கோகனட் ஷேக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. இனி அந்தப் பக்கம் போனாலே எனக்குக் குமட்டும். பிசுபிசுத்த மேசை, ஐஸ்கிரீம் உருகி வழிந்த கண்ணாடிக் குவளைகள், மொய்க்கும் ஈக்கள், நடுவில் பிரஷாந்த் அண்ணன். எங்கள் பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு சிவில் படிக்கிறவர். இந்திய மாணவர் சங்கத்தின் தலைவரும் அவர்தான்.

முதல் ஆண்டில் எங்களுக்கு எல்லாப் பாடமும் பொது. ஆண்டு முடிவில்தான் பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மெக்காட்ரோனிக்ஸ், மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், சிவில், கெமிக்கல் என்ற ஐந்தையும் நம் விருப்பப்படி வரிசைப்படுத்திக் கைப்பேசியில் அனுப்பினால் போதும். யாருக்கு எது என்பதைக் கணினி முடிவு செய்யும்.

தனேஷுக்கு மெக்காட்ரோனிக்ஸ்தான் வேண்டும். அவன் நியாலாஸ் பக்கத்தில் பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துப் பையன். பழைய காரின் வைப்பர் மோட்டாரைக் கழற்றித் தள்ளுவண்டியில் பொருத்தி, பழக்குலையைத் தானே தூக்கி வைக்கும் ஒரு இயந்திரக் கையைச் செய்திருந்தான். ஒரு குலையைத் தூக்கியதும் மோட்டார் புகைந்துவிட்டது. ஏன் புகைந்தது என்று தெரிந்துகொள்ளத்தான் அவனுக்கு அந்தப் பிரிவு. அவனுடைய மதிப்பெண் நான்குக்கு 3.42. போன ஆண்டு மெக்காட்ரோனிக்ஸில் கடைசி இடம் 3.45க்குப் போயிருந்தது.

"தம்பி, கேட்டுக்க," என்றார் பிரஷாந்த். "மெக்காட்ரோனிக்ஸை முதல்ல போட்டுட்டுக் கிடைக்கலைன்னா செத்த லா. ரெண்டாவது போட்டது அதுக்குள்ள நிறைஞ்சிரும். நேரா கடைசிக்குத் தூக்கிப் போட்டுருவான். 3.6க்குக் கீழ இருக்கிறவன் எல்லாம் சேஃபா சிவில் போடு."

மேசையைச் சுற்றியிருந்த பதினொரு பேரும் தலையாட்டினார்கள். பிரஷாந்தின் தங்கை உஷாராணியும் எங்கள் வகுப்புதான். தலைவலி என்று அன்று வரவில்லை.

"அண்ணே, அப்படி இல்லண்ணே," என்றேன். "காலேஜ் குடுத்த கையேட்டுல பதினோராம் பக்கத்துல எப்படின்னு போட்டிருக்கு."

"ஆமா, வேணி டீச்சர் வந்துட்டாங்க!" என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

நான் தனேஷைத் தனியாக அழைத்துப் போய் விளக்கினேன். "கேன்டீன்ல சோத்துக்கு வரிசை நிக்கிறோம்ல, அது மாதிரிதான். அதிக மார்க் வாங்கினவன் முன்னால நிக்கிறான். உன் முறை வந்ததும் கோழி இருக்கான்னு கேக்குற. தீர்ந்துபோச்சுன்னா அங்கேயே நின்னு அடுத்ததா மீன் கேக்குற. கோழி கேட்டன்னு உன்னை யாரும் வரிசைக் கடைசிக்கு அனுப்ப மாட்டாங்க. உனக்குப் பின்னால நிக்கிறவன் உன் மீனை எடுக்கவும் முடியாது, அவன் முறை இன்னும் வரலையே."

அவன் யோசித்தான். "அப்ப கோழியைக் கேட்டா நஷ்டமே இல்லையா?"

"ஒரு சென் காசுகூட நஷ்டம் இல்லை."

அவன் முகம் மலர்ந்தது. மோட்டார் சுற்றியபோது அப்படித்தான் இருந்திருக்கும்.

மேசைக்குத் திரும்பினோம். எங்கள் சங்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து, அண்ணன் பார்க்க, ஒன்றாக அனுப்ப வேண்டும். அதற்கு ஒற்றுமை என்று பெயர். பிரஷாந்த் ஒவ்வொருவர் கைப்பேசியாக வாங்கிப் பார்த்தார். நான் முதலில் போட்டது கெமிக்கல்; அதற்கு யாரும் போட்டியில்லை, அதனால் என்னுடையதை மட்டும் கேட்கவில்லை.

"காட்டு, தம்பி. என்ன இது? யாரு சொன்னா?"

தனேஷ் கைப்பேசியைத் திரும்ப வாங்கிக்கொண்டான். கல்லூரியில் சேர்ந்த முதல் நாள் நியாலாஸுக்கே கார் கொண்டுவந்து, அவன் வாளியையும் பாயையும் தூக்கி விடுதி அறையில் வைத்தவர் அவர். அதைத்தான் அவன் நினைத்திருப்பான்.

"புத்தகம் எழுதினவனுக்கு என்ன தெரியும்? நான் உள்ள இருந்து பாத்தவன். மாத்து."

மாற்றினான். முதலிடத்தில் சிவில் ஏறியது. பிரஷாந்த் அவன் தோளைத் தட்டி, இன்னொரு ஷேக் சொன்னார்.

இரண்டு வாரத்தில் முடிவு வந்தது. தனேஷுக்கு சிவில். மெக்காட்ரோனிக்ஸில் கடைசி இடம் 3.38. அந்த இடம் உஷாராணிக்கு.

நூலக வாசலில் அவளைப் பார்த்தேன். "நீ முதல்ல என்ன போட்ட?"

"மெக்காட்ரோனிக்ஸ்தான்," என்றாள், ஒளிக்கத் தெரியாமல். "எனக்குப் பயமா இருந்துச்சு வேணி. அண்ணன்தான் முதல்ல போட்டா ஒண்ணும் ஆகாதுன்னாரு. பதினோராம் பக்கத்துல இருக்காமே?"

அந்தக் கடை மேசையின் புளித்த பால் வாடை என் மூக்கில் ஏறியது. அவருக்குத் தெரிந்திருக்கிறது. வரிசை எப்படி நகரும் என்பது என்னைப்போலவே முழுசாகத் தெரிந்திருக்கிறது. தங்கைக்கு முன்னால் நிற்பவர்களை விலக்கத்தான் அந்தப் பேச்சு, அந்த ஷேக், அந்தத் தோள்தட்டல் எல்லாம். அழகான ஏற்பாடு. ஒன்று எப்படி வேலை செய்கிறது என்று புரிந்த பிறகு வாந்தி வருவது எனக்கு அதுதான் முதல் முறை.

தனேஷிடம் சொன்னேன். ஒவ்வொரு படியாக, அதே கோழி, அதே மீன்.

"புரியுது, வேணி," என்றான் கடைசியில். "அன்னைக்கே புரிஞ்சிச்சு."

"அப்புறம் ஏன்டா?"

"விடு லா. அண்ணன் மூஞ்சில நாளைக்கு எப்படி முழிக்கிறது?"

அன்று மாலை சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் பிரஷாந்த் எழுதினார்: "நம்ம பிள்ளைங்க எல்லாருக்கும் நல்ல இடம். அடுத்த வருஷமும் இதே மாதிரி ஒற்றுமையா செய்வோம்." கீழே நன்றிகளும் கும்பிட்ட கைகளும் குவிந்தன. மூன்றாவது கும்பிடு தனேஷுடையது.

பதினோராம் பக்கத்தைப் படமெடுத்தேன். அதன் கீழே 3.42, 3.38 என்ற இரண்டு எண்களை மட்டும் எழுதிக் குழுவில் போட்டேன். ஒரு நிமிடம்கூட இருக்கவில்லை. குழுவை நடத்துகிறவர் அதை அழித்துவிட்டார்.

உடனே கைப்பேசி அதிர்ந்தது. தனேஷ் எனக்குத் தனியாக அனுப்பியிருந்தான்.

"ஏன் வேணி இப்படி அண்ணனை அசிங்கப்படுத்துற?"