தடுக்க வந்தவள் சொன்ன வழி

கிறிஸ்துமஸுக்கு வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லியிருந்த பாக்கியராஜ் அந்த வருஷமும் வரவில்லை. அந்தமானில் மரம் அறுக்கும் மில்லில் அவனுக்கு லீவு கிடைக்கவில்லையாம். அது 1968. மீஞ்சூரில் மாமியார் வீட்டில் காத்திருந்த ஞானம்மா, பண்டிகைப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அடுத்த கப்பலில் தானே போகப்போவதாகச் சொன்னாள். கைப்பிள்ளை மேரியும் அவளோடு.

மாமியார் சின்னப்பொண்ணு அழுது பார்த்தாள், சண்டை போட்டும் பார்த்தாள். மெட்ராஸுக்குக்கூடத் தனியாக ரயிலேறாதவள் கடல் தாண்டிப் போவதா என்று கேட்டாள். எதுவும் எடுபடாமல் போகவே, இரண்டு தெரு தள்ளி இருந்த செண்பகத்தைக் கூட்டிவந்தாள். செண்பகத்துக்கும் ஞானம்மா வயதுதான். அதே தீவில் ஒரு மழைக்காலம் இருந்து பார்த்துவிட்டு, புருஷன் பரசுராமனை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பி வந்தவள். அவள் சொன்னால் ஞானம்மா கேட்பாள் என்று கிழவி நம்பினாள்.

செண்பகமும் தடுக்கத்தான் வந்தாள். "கப்பல் ஏறின மறுநாளே குடலு வாய்க்கு வந்துரும். நான் செத்துட்டேன்னே நெனச்சேன்."

"ஒனக்கு எந்தப் பக்கம் படுக்க எடம் குடுத்தாங்க?" என்றாள் ஞானம்மா.

"முன்னால, மூக்குக்கிட்ட. அங்கதான் ஆட்டம் ஜாஸ்தி. நடுவுல, கீழ்த்தட்டுல படுத்தவங்க நல்லாத் தின்னுக்கினுதான் இருந்தாங்க."

ஞானம்மா அதை மனதில் போட்டுக்கொண்டாள். வைகாசி பிறந்தால் மழை விடவே விடாது என்று செண்பகம் சொன்னபோது, விடுகிற மாசம் எது என்று கேட்டாள். தையும் மாசியும் என்று பதில் வந்தது. அந்த மாசங்களில் கடலும் அடங்கித்தான் இருக்குமாம். பொழுது சாய்ந்தால் கடற்கரை மணலில் கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடித்துப் புண்ணாகிவிடும் என்றாள். அங்கே இருக்கிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டதற்கு, காலில் தேங்காயெண்ணெய் தடவுவார்கள், சொறிய மாட்டார்கள், இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள் என்று சொல்ல வேண்டியதாயிற்று. தண்ணீருக்கடியில் பாறை பிளேடு மாதிரி காலைக் கிழிக்கும். அதற்கு ரப்பர் செருப்பு. கழிமுகத்தில் முதலை உண்டு. ஊர்க்காரர்களைக் கேட்காமல் எங்கேயும் இறங்கக் கூடாது. புளியும் மிளகாயும் வேண்டிய அளவு எடுத்துப்போக வேண்டும்.

பேசப் பேச செண்பகத்தின் குரல் மாறிக்கொண்டே வந்தது. "இடுப்பளவு தண்ணில நின்னா கால் வெரலு தெரியும், ஞானம்மா. நம்ம பழவேற்காட்டுல அப்படிப் பாக்க முடியுமா?" என்று சொல்லிவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். சின்னப்பொண்ணு எழுந்து உள்ளே போனாள்.

தை பிறந்ததும் ஞானம்மா பீச் ஸ்டேஷனில் இறங்கி, மேரியை இடுப்பில் வைத்துக்கொண்டு துறைமுகத்துக்கு நடந்தாள். கப்பலில் முன்பக்கம்தான் இடம் காட்டினார்கள். அங்கே படுக்க மாட்டேன் என்று நின்றாள். வழியை அடைக்காதே என்று அதட்டினார்கள், அப்படியும் நகரவில்லை. ஒருவழியாக நடுப்பகுதியில் ஒரு மூலை கிடைத்தது. அங்கேயும் வாந்தி வராமல் இல்லை. ஆனாலும் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு, பிள்ளைக்குப் பொரி ஊட்டிக்கொண்டு கரை சேர்ந்தாள்.

கரையில் பாக்கியராஜ் இல்லை. மரம் ஏற்றிவர வேறு தீவுக்குப் போயிருந்தான். மில் ஆட்கள் அவளை ஒரு குடும்பத்தோடு தங்கவைத்தார்கள். அன்று சாயங்காலமே, மீஞ்சூரிலிருந்து யாரோ வந்திருப்பதாகக் கேள்விப்பட்டுப் பரசுராமன் வந்தான். வாசலிலேயே நின்றுகொண்டு, செண்பகம் சௌக்கியமா, தன்னைப் பற்றி ஏதாவது சொன்னாளா என்று கேட்டான்.

"ஒன்னப் பத்தி ஒரு வார்த்த சொல்லல, அண்ணா" என்றாள் ஞானம்மா. "ஆனா இந்த ஊரப் பத்தி ஒண்ணு விடாம சொன்னா. வெறுத்துட்டுப் போனவளுக்கு இம்மாம் ஞாபகம் இருக்காது. வர்றவங்க போறவங்களக் கேட்டுக்கினு இருக்காத. நீயே போய்க் கேளு."

அவன் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான். பாக்கியராஜ் திரும்பி வந்தபோது, மனைவியையும் மகளையும் பார்த்து, மேரியை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். எப்படி வந்தாய் என்று அன்று முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தான்.

அடுத்த கப்பலில் பரசுராமன் ஊருக்குப் புறப்பட்டான். அவன் செண்பகத்தோடு திரும்பி வருவான், ஊர்ப் பேச்சுப் பேச ஒருத்தி கிடைப்பாள் என்று ஞானம்மா நினைத்திருந்தாள். கப்பல் வரும்போதெல்லாம் போய்ப் பார்த்தாள். இருவரும் வரவில்லை. அவன் மீஞ்சூருக்குப் பக்கத்தில் எண்ணூரில் கட்டட வேலையில் சேர்ந்துவிட்டான், அத்திப்பட்டில் வீடு பார்த்து இரண்டு பேரும் ஒன்றாக இருக்கிறார்கள் என்று வந்தவர்கள் சொன்னார்கள்.

கேட்டதும் சந்தோஷமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழவும் செய்தாள். மறுநாள் முகம் கழுவி, பக்கத்து வீட்டு வங்காளிப் பெண்ணிடம் போய் உட்கார்ந்து, சோற்றைத் தொட்டுக் காட்டி, இதை உங்கள் பேச்சில் எப்படிச் சொல்வது என்று சைகையில் கேட்டாள்.