அண்ணன் கேட்ட ஆறு இலக்கம்

தையல்காரியின் போனில் அண்ணன் பெயரில் செய்தி வந்தது. "தங்கச்சி, என் கணக்கு முடங்கிடுச்சு. மீட்கணும். உனக்கு வந்த ஆறு இலக்க எண்ணை அனுப்பு, ப்ளீஸ்."

மூன்று வருடங்களாக முகம் கொடுத்துப் பேசாத அண்ணன்! மனம் குளிர்ந்து எண்ணைத் தட்டினாள். அனுப்பப் போகையில் விரல் நின்றது. தலையே போனாலும் யாரிடமும் கெஞ்சாத குடும்பம். அதிலும் அண்ணன் ப்ளீஸ் என்பாரா? வீம்பை விழுங்கிவிட்டு அவரையே அழைத்தாள்.

"நானா கேட்டேன்? எவனோ திருடன் என் கணக்கைப் பிடிச்சுக்கிட்டு, அடுத்து உன்னோடதுக்கு வலை போடுறான். குடுத்துட்டியா?"

"குடுக்கல. எங்கண்ணன் இவ்வளவு மரியாதையா பேச மாட்டாரேன்னு தோணுச்சு."

"வாய் மட்டும் குறையலடி உனக்கு."

அவள் சிரித்தாள். "சரிண்ணே, வெச்சிடட்டுமா?"

"என்ன அவசரம்? மிஷின் மிதிச்சு முழங்கால் வலிக்குதாமே, இப்ப எப்படி இருக்கு?"