செவ்வாயா, வியாழனா

1957ஆம் ஆண்டு மார்ச் பன்னிரண்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் இரண்டு மணி நாற்பது நிமிடத்துக்கு, நெப்ராஸ்காவின் பிளாட் ஆற்றங்கரையிலுள்ள கிரிம்ஸ்பி என்னும் ஊரில் லீலண்ட் ப்ரூவிட் என்ற விற்பனையாளன் ஒரு கேள்வி கேட்டான். அதற்குப் பதில் வரப் பதினோரு ஆண்டுகளும் எட்டு நாள்களும் ஆயின. அதுவரை கேட்டவனும் எழுந்திருக்கவில்லை; கேட்கப்பட்டவரும் எழுந்திருக்கவில்லை. அவ்வாண்டு ஆற்றில் பனிக்கட்டி சற்று முன்னதாகவே உடைந்தது என்பதும், மக்காச்சோள விலை இறங்கியிருந்தது என்பதும் அவ்வூரார் அத்துடன் சேர்த்துச் சொல்லும் செய்திகள்.

கடின நீரை மென்னீராக்கும் இயந்திரம் விற்பது அவன் தொழில். கிரிம்ஸ்பியின் கிணற்று நீரில் சோப்பு நுரைக்காது; கெட்டிலின் உட்புறம் முட்டை ஓடு போல வெள்ளை படியும். ஆகவே அப்பொருளுக்கு அங்கே தேவை இருந்தது. தேவை இருந்தும் லீலண்ட் பதினேழு நாள்களாக ஒன்றையும் விற்கவில்லை. அன்று காலை உணவகத்தில் மேலாளர் கெஸ்லர் முட்டையை மென்றபடியே அவனைப் பிடித்துக்கொண்டார்.

"பேசிப் பேசியே கெட்டவன் நீ. கேக்க வேண்டியதக் கேட்டுட்டு வாய மூடணும். மூடினா மூடினதுதான். முதல்ல அவன் வாயத் தொறந்தா வாங்கினவன், நீ தொறந்தா தோத்தவன். இந்தத் தொழில்ல வேற ரகசியமே கிடையாது."

"இவன் கல்யாணத்தன்னிக்கு பாதிரியார் கேட்டு முடிக்கிறதுக்குள்ள 'சம்மதம்'னுட்டானாம்," என்றான் உடன் விற்பவனான ரஸ் ஹான்லன். "வாயத் தொறந்தான், மாட்டிக்கிட்டான்."

"நீ உன் காப்பியக் குடி," என்றான் லீலண்ட்.

கெஸ்லர் உப்புக் குப்பியை நகர்த்தினார். "இன்னிக்கு ஒண்ணாவது விக்கலேன்னா நாளைக்கு நீ வர வேண்டாம், லீலண்ட்." உப்பு வேண்டுமா என்று கேட்கும் குரலில்தான் அதைச் சொன்னார்.

ஒரு வீட்டில் உட்காருமுன் வீட்டுக்காரர் என்ன வேலை பார்க்கிறார், முன்பு என்ன பார்த்தார் என்று விசாரிக்க வேண்டும் என்பது அத்தொழிலின் முதல் ஒழுங்கு. அன்று பிற்பகல் போன ஓர்வில் டீட்ஸ் என்பவரின் சமையலறையில் லீலண்ட் அவசரத்தில் அந்த ஒழுங்கைத் தவறவிட்டான். இரண்டு கண்ணாடிக் குவளைகளில் சோப்புக் கரைத்துக் காட்டினான். நுரைப்பதையும் நுரைக்காததையும் ஓர்வில் மரியாதையாகப் பார்த்தார். அவர் மனைவி மேவிஸ் இருவருக்கும் காப்பி ஊற்றினாள். வேண்டுமா, வேண்டாமா என்று கற்றுக்குட்டிதான் கேட்பான். லீலண்ட், "அப்ப எப்ப வந்து பொருத்தட்டும் சார், செவ்வாய்க்கிழமையா, வியாழக்கிழமையா?" என்று கேட்டுவிட்டு வாயை மூடினான். ஓர்வில் வாயைத் திறக்கப் போனார். திறக்காமல் மெல்லப் புன்னகைத்தார். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். அவர் ஐந்து வட்டாரங்களில் இருபத்தாறு ஆண்டுகள் ஆலங்கட்டி மழைக் காப்பீடு விற்று ஓய்வு பெற்றவர். பாம்பின் கால் பாம்பறியும். லீலண்ட் அந்தப் புன்னகையைக் கண்டதும் எதிரில் இருப்பவர் யாரென்று புரிந்துகொண்டான். ஆனால் அதற்குள் காலம் கடந்திருந்தது.

மாலையில் மேவிஸ், "யாராவது ஒருத்தர் பேசித் தொலைங்களேன். எனக்கு மேசை வேணும்," என்றாள். மறுநாள் காலையில் இரு கோப்பைகளிலும் காப்பி ஆறாமல் ஆவி விட்டுக்கொண்டிருப்பதைக் கண்டாள். அதன்பின் அவள் மேசையைக் கேட்கவில்லை. அவர்களுக்குப் பசியும் இல்லை, தாடியும் வளரவில்லை. மூன்றாம் வாரம் கடிகாரத்தின் ஓசை நின்றது. முள்கள் நகர்ந்தன, ஓசை மட்டும் இல்லை. பிறகு கொதிக்கும் நீர், கீழே விழும் கரண்டி, கூரைமேல் பெய்யும் மழை என்று ஒவ்வொன்றாக ஓசை இழந்தன. மனிதர் பேச்சு மட்டும் அவ்வறையில் முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது. ஓடை நீருக்கடியில் கிடக்கும் கூழாங்கல்போல ஒவ்வொரு சொல்லும் தனித்துத் தெரிந்தது. அறிவுரை சொல்ல வந்த போதகர் இரண்டு வாக்கியம் பேசினார். தம் சொற்களைத் தாமே கேட்டார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெளியேறினார். அடுத்த ஞாயிறு முதல் அவருடைய பிரசங்கம் பாதியாகக் குறைந்தது. ஊரார் முக்கியமானதைச் சொல்ல வேண்டியிருந்தால் டீட்ஸ் வீட்டுச் சமையலறைக்கு வந்து சொல்லத் தொடங்கினர். பொய்யை அங்கே ஒருவராலும் முழு வாக்கியமாக முடிக்க இயலவில்லை.

லீலண்டின் மனைவி ஐரீன் முதற்கோடையில் லிங்கன் நகரிலிருந்து பேருந்தில் வந்தாள்.

"வீட்டுல எங்கிட்ட ஒரு வார்த்தை பேச மாட்ட, ஊரெல்லாம் வாயாலேயே சுத்துவ. இப்ப அடுத்தவ சமையலறையில வந்து ஊமையா உக்காந்திருக்க," என்றாள். கைப்பையை மேசைமேல் வைத்தாள். "நான் டெலிஃபோன் ஆபீஸ்ல வேலைக்குச் சேந்துட்டேன். உன் மேல எனக்குக் கோவம் இல்ல, லீலண்ட். இருக்குன்னு சொல்லத்தான் வந்தேன். இங்க சொல்ல வரல."

கெஸ்லரும் வந்தார். "பேசிடாத," என்று மட்டும் வாசலிலிருந்தபடி சொன்னார். அவர் கண்களில் நீர் இருந்தது. ஆறாம் ஆண்டில் அந்த நிறுவனமே மூடப்பட்டது. இனி அந்த விற்பனையால் யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை என்பது லீலண்டுக்குத் தெரியும். எனினும், அத்தனை ஆண்டுகளையும் முதலாக வைத்துவிட்ட ஒருவன் வாயைத் திறந்து அவற்றைத் தோற்றுவிட முடியாது. அதனினும் பெரிய காரணம் ஒன்று இருந்தது. ஆண்டுதோறும் பங்குனியில் ஆற்றுக்கு வரும் கொக்குக் கூட்டத்தின் இரைச்சல் மூன்று மைலுக்குக் கேட்கும். நான்காம் ஆண்டில் அவை டீட்ஸ் வீட்டின் மேலாகக் குரலின்றிப் பறந்தன. ஏழாம் ஆண்டில் பல்லாயிரம் கொக்குகள் முற்றத்திலும் வேலியோரத்திலும் இறங்கி, சன்னலை நோக்கிக் கழுத்தை நீட்டி, ஓசையின்றி நின்றன. நாளெல்லாம் பேசியே பிழைத்தவனுக்கு, தான் பேசாதிருப்பதைக் கேட்க இவ்வளவு பேர் வந்திருக்கையில் வாய் திறக்க மனம் வரவில்லை.

அவனுடைய மகள் கார்லா, கேள்வி கேட்கப்பட்ட அன்று பன்னிரண்டு வயதுச் சிறுமி. கோடைதோறும் வந்து, முப்பத்தெட்டு வயதிலேயே நின்றுவிட்ட தகப்பனுக்குத் தன் பள்ளிக்கூடக் கதைகளைச் சொல்லிவிட்டுப் போவாள். 1968ஆம் ஆண்டு மார்ச் பதினெட்டாம் தேதி, திங்கட்கிழமை, இருபத்து மூன்று வயதுப் பெண்ணாக வந்து மூன்றாம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவளை மணக்கவிருந்த டென்னிஸ் வெளியே காரில் இருந்தான்.

"அப்பா, வர்ற சனிக்கிழமை எனக்குக் கல்யாணம். என் கையப் புடிச்சு நீதான் சர்ச்சுக்குள்ள கூட்டிட்டுப் போகணும்," என்றாள். "ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் எங்கிட்டதானே விக்கிற பேச்சப் பேசிப் பழகுவ. 'முதல்ல குளியலா, முதல்ல பல் தேய்க்கிறதா'ன்னு கேட்டுட்டு வாய மூடிப்ப. ஒரு தடவகூட உன்னை நான் ஜெயிச்சதில்ல." அவள் கைகளை மேசைமேல் வைத்தாள். "பத்து மணிக்கு வெச்சுக்கலாமா, பதினோரு மணிக்கா?"

கேட்டுவிட்டு வாயை மூடினாள்.

மேவிஸ் அவளுக்கும் காப்பி ஊற்றினாள். டென்னிஸ் உள்ளே வந்து கெஞ்சினான், அவள் திரும்பவில்லை. செவ்வாய் கழிந்தது. புதன்கிழமை காலையில் லீலண்ட் மகளின் கோப்பையைப் பார்த்தான். திங்களன்று ஊற்றிய காப்பியிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. அவள் சாப்பிடவில்லை, பசித்தவள் போலவும் தெரியவில்லை. அவள் முகத்தில் ஒரு தெளிவு படரத் தொடங்கியிருந்தது. அத்தெளிவை அவன் அறிவான். அது எவ்வளவு இனியது என்பதையும், அதற்குள் எத்தனை ஆண்டுகள் போகும் என்பதையும் அறிவான். சன்னலுக்கு வெளியே கொக்குகள் ஒன்றின்பின் ஒன்றாக வந்து இறங்கின.

"பதினொண்ணு," என்றான் லீலண்ட்.

அச்சொல் கிரிம்ஸ்பியின் எல்லா வீடுகளிலும் கேட்டது. சலூனில் கத்தி நின்றது. பள்ளிப் பிள்ளைகள் எழுந்து நின்றனர். முற்றத்துக் கொக்குகள் ஒரே வீச்சில் மேலெழ, ஊரின்மேல் நெடுநேரம் வெயில் இல்லை. கார்லா தகப்பனின் சட்டைக் கையைப் பற்றிக்கொண்டு அழுதாள். அவளுடைய காப்பி ஆறிற்று. லீலண்ட் எதிரே பார்க்கவில்லை. தோற்றவன் பார்க்க வேண்டிய அவசியமில்லை.

அப்போது ஓர்வில் டீட்ஸ் தொண்டையைச் செருமினார்.

"அது கணக்குல வராது," என்றார். குரல் துருவேறியிருந்தது. "நீ பேசினது பொண்ணுகிட்ட. எங்கிட்ட இல்ல. நம்ம ஆட்டம் இன்னும் முடியல."

மேவிஸ்தான் கைத்துண்டை மெதுவாக மடித்துவைத்துவிட்டுச் சொன்னாள்: "ஓர்வில், இப்ப நீ பேசிட்ட."

இருபத்தாறு ஆண்டுகள் தொழிலில் இருந்த மனிதர் அப்படித் தவறுவாரா என்று அவ்வூரார் இன்றும் வாதிக்கின்றனர். ஓர்வில் மனைவியைப் பார்த்தார், அழுகிற பெண்ணைப் பார்த்தார், லீலண்டை நெடுநேரம் பார்த்தார்.

"வியாழக்கிழமை," என்றார். "இந்த வியாழன் வேண்டாம். உனக்குக் கல்யாண வேலை இருக்கும். அடுத்தது."

சனிக்கிழமை பதினோரு மணிக்கு, மணப்பெண்ணுக்கு அண்ணன் போலத் தோன்றிய தகப்பன் அவளைக் கைப்பிடித்து அழைத்துச் சென்றான். முன்வரிசையிலிருந்த ஐரீன் நகர்ந்து அவனுக்கு இடம் விட்டாள். மார்ச் இருபத்தெட்டாம் தேதி, வியாழக்கிழமை, அவன் வேறொரு நிறுவனத்தின் இயந்திரத்தை வாடகை வண்டியில் ஏற்றிவந்து, தானே பொருத்திக் கொடுத்தான். கிரிம்ஸ்பியில் முதன்முதலாகச் சோப்பு நுரைத்தது டீட்ஸ் வீட்டில்தான். நிசப்தம் அந்தச் சமையலறையை விட்டுப் போகவில்லை. ஊரார் முன்போலவே முக்கியமானதைச் சொல்ல வருகின்றனர். இயந்திரத்தின் ஓசையும் அங்கே கேட்பதில்லை. ஆதலால் அது ஓடுகிறதா என்று அறிய மேவிஸ் அதன்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள். ஓடிக்கொண்டிருக்கும்.