பூ வாசம் ஏறிய பொடி

"அண்ணன் வீட்டுப் பொடிதான மதினி? பீபெரிக் கொட்டை கூடுதலா, சிக்கரி கொஞ்சமா... அன்னக்கொடி மதினி சொல்லி வச்ச பக்குவம்" என்று வாயை விட்டுவிட்டு, ஆரப்பாளையம் காபிக்கடைக் கருத்தக்கண்ணன் நாக்கைக் கடித்துக்கொண்டதும், "வேற மாதிரி வேணும்னா மாத்தி அரைச்சிரலாம்" என்று சமாளித்ததும், "இல்லண்ணே, அதே குடுங்க" என்று இவள் அவசர அவசரமாகச் சொன்னதும்... முந்தாநாள் பேச்சு, தமிழ்ச்செல்வியின் காதுக்குள் இன்னும் அரைபட்டுக்கொண்டே இருக்கிறது. எழுமலையில் பிறந்த வீட்டில் எல்லாருக்கும் டீதான், காபியில் எதைக் கூட்டச் சொல்வாள், எதைக் குறைக்கச் சொல்வாள், அதுவும் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த ஒருத்தி வைத்த கணக்கை இரண்டாவதாக வாக்கப்பட்டு வந்தவள் எப்படி மாற்றுவாள், மாற்றினால் வீட்டுக்காரர் முகம் சுண்டிப்போகாதா... பொடியை வாங்கி வந்தாள், சரி, போட்டு வைப்பது எதில்? அடுப்பு மேடையில் காபிப்பொடிக்கென்றே எவர்சில்வர் டப்பா இருக்கிறது, இறுக்கமான மூடி, கமகமவென்று நிற்கும், ஆனால் மூடியில் புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருக்கிறதே, அன்னக்கொடி என்று, சீர்வரிசையாக வந்த டப்பா, தினம் காலையில் விரல் அந்தப் பேரில்தான் படுகிறது, ஏதோ கேட்காமல் ஒருத்தி வீட்டில் புகுந்து எடுப்பது மாதிரி. அதனால்தான் இந்தத் தடவை பாக்கெட்டை மடித்து ரப்பர்பேண்ட் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தாள். பக்கத்திலேயே நேற்று அவர் வாங்கி வந்த மல்லிகைப்பூ, ஈரத்துணியில் சுற்றி... அறிவுகெட்டவளே, மதுரை மல்லி சும்மா இருக்குமா, ஒரே ராத்திரியில் பொடி முழுக்க ஏறிவிட்டதே.

ஃபில்டரில் டிகாஷன் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது, குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது, இனி கொட்டிவிட்டு டீ போட நேரமில்லை, போட்டாலும் ஏன் என்று கேட்பார், கேட்டால் டப்பாவைச் சொல்ல வேண்டும், டப்பாவைச் சொன்னால் அந்தப் பேரைச் சொல்ல வேண்டும், கல்யாணமாகி வந்ததிலிருந்து இந்த வீட்டில் ஒருவர் வாயிலும் வராத பேரை... இவள் இந்த வீட்டுப் பொம்பளையா, விருந்தாளியா? பால் பொங்கியது. அணைத்தாள். இவ்வளவு பயமா, ஒரு தம்ளர் காபிக்கா?

ஜெயபாண்டி தலையைத் துவட்டியபடி வந்து ஒரு வாய் குடித்தான். நின்றான். இன்னொரு வாய். "என்னத்தா இது, பூக்கடையில நின்னு குடிக்கிற மாதிரி இருக்கு?" சிரிக்கிறானா, குத்துகிறானா, மீசை மறைக்கிறது. "பொடிய ஃபிரிட்ஜுல வச்சுட்டேங்க, பூவுக்குப் பக்கத்துல." "டப்பா என்னாச்சு?" "இருக்கு... அதுல அவுக பேரு இருக்கு." அவன் தம்ளரையே பார்த்தான், பிறகு லேசாகச் சிரித்து, "அவளும் ஒருதடவ இப்படித்தான்..." என்று ஆரம்பித்து, சட்டென்று நிறுத்தி, "சரி விடு, நல்லாத்தான் இருக்கு" என்று மீதியைக் காபியோடு விழுங்கிக்கொண்டான். விழுங்குகிறான், எப்போதும் இதே மாதிரி, பாதியிலேயே... எத்தனை பாதிகள், கோயில் வாசலில் ஒன்று, பஸ்ஸில் ஜன்னலோரம் ஒன்று, சினிமா இடைவேளையில் ஒன்று, ஒவ்வொன்றின் மறுபாதியையும் இவளே இட்டுக்கட்டி, அதில் தன்னைவிட அழகான, தன்னைவிடச் சமத்தான ஒருத்தியை உட்காரவைத்து... அப்படியானால் பயந்தது மூடியில் இருக்கிற பேருக்கு இல்லையா, அவர் விழுங்கிய பாதிகளுக்கா?

அவன் தம்ளரை வைத்துவிட்டுச் சட்டையை எடுக்கத் திரும்பினான். இவளுக்குள் இத்தனை மாதம் கிடந்த பேச்சு தானாக மேலே வந்தது.

"நிப்பாட்டாதீங்க... அவுகளப் பத்தி எங்கிட்டப் பேசுங்க."