டி டிரைவில் ஒரு குடித்தனம்

எங்கள் முதலாளி ஜானகிராமனுக்குக் காலி இடத்தைக் கண்டால் கண் உறுத்தும். அம்பத்தூர் எஸ்டேட்டில், வண்டிப் பாகங்களுக்குத் தகடு அடிக்கும் எங்கள் பிரஸ் ஓடிய ஷெட்டிலேயே பாதியை ஒரு லேத் பட்டறைக்கு உள்வாடகைக்கு விட்டிருந்தார். மாடிப்படிக்கு அடியில் டீக்கடை. ஸ்டோர்ஸில் நான் ஒரு மூலையை ஒழித்து வைத்தால், மறுநாளே அங்கே யாருடைய சிமெண்ட் மூட்டையாவது உட்கார்ந்திருக்கும்.

அப்படிப்பட்டவரிடம்தான் எங்கள் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் நாகவல்லி மாட்டிக்கொண்டாள். நூம்பல் கிராமத்தில் நாற்று நட்டுப் பிழைத்த குடும்பத்திலிருந்து, நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்க வந்த முதல் ஆள் அவள். இன்னும் டெம்பரரிதான். தொண்ணூற்றாறில் ஒரு கார் கம்பெனி, ஆர்டர் தருவதற்கு முன் எங்கள் வேலைத் தரத்தை ஆடிட் பண்ண வருவதாகச் சொன்னதும், முதலாளி அவளைக் கூப்பிட்டார்.

"அவங்க பேக்கப் கேப்பாங்களாம். ரெடி பண்ணு. ஆடிட் பாஸாச்சுன்னா நீ பெர்மனென்ட். இன்னா?"

அவள் இன்னொரு ஹார்ட் டிஸ்க் கேட்டாள். முதலாளி நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். சரியென்று, இருக்கிற ஒரே டிஸ்க்கை இரண்டாகப் பிரித்தாள். சி-யில் தினப்படி வேலை. டி-யில் அதே புரோகிராம், அதே இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டுகள். சி படுத்துவிட்டால், ஒரு ஃப்ளாப்பியைப் போட்டு மெஷினை டி-யிலிருந்து எழுப்பிவிடலாம். எழுப்பியும் காட்டினாள்.

"ரெண்டுலயும் ஒண்ணேதான் கீதா?" என்றார் முதலாளி.

"ஆமா சார்."

"அப்போ ஒண்ணு சும்மாதானே கீது?"

அவள் பொறுமையாக விளக்கினாள். அவரும் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் எனக்குப் பழக்கம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முதலாளியின் மச்சினர் பரந்தாமன் ஆபீசுக்கு வந்துபோயிருக்கிறார். திருவேற்காடு கோயில் பக்கம் கம்ப்யூட்டர் ஜாதகம் போட அவருக்கு ஆசை. கம்ப்யூட்டர் வாங்கத்தான் மனமில்லை. முதலாளி சொல்லி, டி-யில் இருந்ததையெல்லாம் துடைத்துவிட்டு, ஜாதக சாஃப்ட்வேரைக் குடிவைத்தார். டி-யிலிருந்து மெஷின் எழுந்தால் நேராக அதுதான் ஓடும். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆடிட் நாளன்று கரண்ட் போய்ப் போய் வந்ததில் சி படுத்தது. நாகவல்லி பதறவில்லை.

"பேக்கப் இருக்கு சார்" என்று ஆடிட்டரிடம் சொல்லி ஃப்ளாப்பியைப் போட்டாள்.

திரையில் பிள்ளையார் வந்தார். கீழே, பிறந்த தேதி, நேரம், ஊர் என்று கேள்வி. நாகவல்லியின் முகம் செத்துப்போய்விட்டது.

"என்னங்க இது?" என்றார் ஆடிட்டர்.

"அதுவும் பேக்கப்தான் சார்" என்றார் முதலாளி கூசாமல். "எதிர்காலத்துக்கு."

ஆடிட்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "பொருத்தம் பார்க்குமா? என் பெண்ணுக்கு ஒரு வரன் வந்திருக்கு."

பிரிண்டர் அலறியது. பொருத்தம் அமோகம். ஆடிட் பாஸ்.

சாயங்காலம் முதலாளி எல்லோரையும் கூட்டினார். "கம்பெனிய காப்பாத்துனது இன்னா? ஜாதகம். அத்த ஏத்துனது யாரு? பரந்தாமன்." ஆபரேட்டர் வேலையில் பரந்தாமன் பெர்மனென்ட் ஆனார். பேக்கப்பில் ரிப்போர்ட்டே இல்லை என்று நாகவல்லியை நிறுத்திவிட்டார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அழிச்சதே அவருதானே சார்?" என்று கேட்டேவிட்டேன்.

"உன் ஸ்டோர்ஸுல இன்னும் எடம் கீதா?" என்றார் முதலாளி. என் இடத்திலும் யாரையாவது குடிவைத்துவிடுவார் என்று ஸ்டோர்ஸுக்கு நடையைக் கட்டினேன்.

திங்கட்கிழமை கார் கம்பெனி முதல் லோடு கேட்டது, இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டோடு. பரந்தாமன் எந்தப் பட்டனைத் தட்டினாலும் பிள்ளையார்தான் வந்தார். முதலாளி என்னைச் சைக்கிளில் நூம்பலுக்கு விரட்டினார்.

நாகவல்லி வீட்டு வாசலில் துணி பிழிந்துகொண்டிருந்தாள்.

"முதலாளி கையோட கூட்டியாரச் சொன்னாரும்மா. சி-யை எப்பிடியாச்சும் எழுப்பிக் குடுத்துட்டா உன்ன பெர்மனென்ட் பண்ணிடறாராம்."

அவள் புடவையை உதறிக் கொடியில் போட்டாள்.

"நான் எப்ப வருவேன்னு பரந்தாமன் சார ஜாதகம் போட்டுப் பாக்கச் சொல்லுண்ணே. பொறந்த தேதி, நேரம் வோணும்னா தரேன்."

ஒரு எழுத்து மாறாமல் போய் முதலாளியிடம் சொன்னேன். சொல்லும்போது எனக்கு அத்தனை சந்தோஷமாக இருந்தது.