நூலுக்கா, அக்காவுக்கா

கதவு உடையலடி, தாழ்ப்பாள் மட்டும் வளைஞ்சு போச்சு. அவங்க போய் ரொம்ப நேரம் ஆச்சு. இருட்டுல போன்ல டைப் பண்றேன். தப்புத் தப்பா அடிச்சிருந்தா மன்னிச்சுக்கோ. முழிச்சதும் படி, படிச்சிட்டு அழிச்சிடு.

வந்தது ஒரு மெக்கானிக்கோட மச்சான், கூட நாலஞ்சு பேரு. முந்தாநாள் எங்க அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வயித்துல ஆபரேஷன் ஆன அந்த மெக்கானிக்க வீட்டுக்கு அனுப்பினா. நேத்து வயிறு வீங்கி சுருண்டு விழுந்துட்டாராம். உள்ள தையல் விட்டு சீழ் பரவிடுச்சு. மறுபடி வயித்தத் திறந்திருக்காங்க. இப்ப மெஷின்தான் அவருக்கு மூச்சு விடுது. மச்சான் கதவ உதைச்சுக்கிட்டே, டாக்டர் வேஷம் போட்டவ எவ, வெளிய வரச் சொல்லுன்னு கத்தினான். அப்பா கதவுல முதுகக் குடுத்து நின்னாரு. அக்கா பாத்ரூம்ல தண்ணியத் திறந்து விட்டுட்டு உக்காந்திருந்தா. அந்தச் சத்தம் கேக்கக் கூடாதுன்னு.

அவங்க போனதும் அப்பா அக்காவத் திட்ட ஆரம்பிச்சாரு. டாக்டரும் இல்ல, நர்ஸும் இல்ல, ரெண்டுங்கெட்டான் வேலைன்னு அன்னைக்கே சொன்னேனேன்னு. அப்புறம் என் பக்கம் திரும்பி, நீ அந்தப் படிப்புல சேந்தா காலை உடைப்பேன்னாரு.

அந்தப் படிப்புக்காகத்தான்டி நான் அங்க போனதே. ஃபிசிஷியன் அசிஸ்டென்ட்னா என்னதான் வேலைன்னு நீ கேட்டப்பல்லாம் எனக்குச் சொல்லத் தெரியாது. ஒரு நாள் கூட வந்து பாரு, அப்புறம் சேருன்னு அக்கா முந்தாநாள் கூட்டிட்டுப் போனா. பாத்தேன். டாக்டர் வர்றதுக்கு முன்னாடியே வார்டு முழுக்க அவதான் சுத்துறா. என்ன வலி, எங்க வலின்னு கேக்குறா, வயித்த அமுக்கிப் பாக்குறா, புண்ணுக்குக் கட்டு மாத்துறா. ஆபரேஷன்ல டாக்டர் வெட்டினா இவ பிடிக்கிறா, மேல் தையல் இவதான் போடுறா. ஆனா முடிவு மட்டும் இவளோடது இல்ல. ஒரு மாத்திரைய நிறுத்தணும்னாலும் டாக்டர்கிட்ட கேக்கணும்.

அந்த மெக்கானிக் நல்லாத்தான் பேசினாரு. நீங்க டாக்டரா அசிஸ்டென்ட்டா, எங்க கடையில ஸ்பேனர் எடுத்துக் குடுக்குறவனுக்கும் அந்தப் பேருதான்னு கிண்டல் பண்ணாரு. அக்கா சிரிச்சா. நாடி பிடிச்சப்ப சிரிப்ப நிறுத்திட்டா. அது வேகமா இருந்துச்சு. ஆனா அவரு கடையத் திறக்கணும், இன்னைக்கே விடுங்கன்னு ஒத்தக் கால்ல நின்னாரு.

டாக்டர் தியேட்டர்ல இருந்தாரு. அவருக்கு ஒரு பழக்கம். ஆபரேஷன் நடக்குறப்ப வாயத் திறக்க மாட்டாரு. எதுவா இருந்தாலும் வாசல்ல நின்னு ஒரே மூச்சுல சொல்லணும், தலையாலதான் பதில். ரெண்டாவது தடவ கேட்டா எல்லார் முன்னாடியும் மானத்த வாங்கிடுவாரு. போன மாசம் அக்காவ அப்படித்தான், காதுல என்ன கான்கிரீட்டான்னு கேட்டாராம்.

எனக்கும் தொப்பி, மாஸ்க் மாட்டி விட்டு அக்கா வாசல்ல நின்னா. மெக்கானிக்குக்கு ஆபரேஷன் ஆகி நாலாம் நாள், நாடி வேகம், வீட்டுக்குப் போகணும்கிறாரு, அனுப்பலாமான்னு கேட்டா. அதே நேரம் டாக்டருக்கு எதிர்ல இருந்த நர்ஸ், இதுவான்னு ஒரு தையல் நூல் பாக்கெட்டத் தூக்கிக் காமிச்சாங்க. டாக்டர் தலையாட்டினாரு. அக்கா, சரி டாக்டர், அனுப்பிடுறேன்னு சத்தமா சொல்லிட்டுத் திரும்பிட்டா. அவ்ளோதான்டி.

இப்ப டாக்டர் என்ன சொல்றாரு தெரியுமா? நான் நூலுக்குத்தான் தலையாட்டினேன், இந்தப் பொண்ணு வந்ததே எனக்குத் தெரியாதுன்னு. நர்ஸும் அதையே சொல்லிட்டாங்க. நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரியில விசாரணை. அக்கா தானா அனுப்பினான்னு ஆயிட்டா வேலை மட்டும் போகாது, போலீஸுக்குக் குடுத்துடுவாங்களாம். அதனால அக்கா அங்கயே சொல்லிட்டு வந்துட்டா, என் தங்கச்சி பக்கத்துல நின்னா, அவளக் கேளுங்கன்னு. கூட்டிட்டு வான்னுட்டாங்க.

சாப்பாட்டுத் தட்ட வச்சுட்டு அக்கா என் எதிர்ல உக்காந்தா. சாப்பிடல.

"நீ பாத்ததச் சொல்லு, போதும்"னா.

நான் அவளயே பாத்தேன்.

"என்னடி முழிக்கிற? அவரு எனக்குத்தான தலையாட்டினாரு?"

நான் எழுந்து அவ டம்ளர்ல தண்ணி ஊத்தினேன். அக்கா டம்ளரத் தள்ளி வச்சா. அப்புறம் ரொம்ப மெதுவா, "நீ அவங்க பக்கமா"ன்னு கேட்டா. அடிச்சிருந்தாக் கூடப் பரவாயில்லடி. இப்ப ஒரே ரூம்ல படுத்திருக்கோம், சுவத்தப் பாத்துத் திரும்பிக்கிட்டா. தூங்கலன்னு மூச்சுலயே தெரியுது.

அவ நின்ன இடத்துலிருந்து டாக்டரோட முதுகுதான் தெரியும். நான் உள்ள எட்டிப் பாக்குற ஆசையில ரெண்டு அடி முன்னால, ஓரமா நின்னேன். பக்கவாட்டுல எனக்கு அவரு கண்ணு தெரிஞ்சுச்சு. அது நூலத்தான் பாத்துச்சு.

ஆனா இன்னொண்ணும் பாத்தேன். அக்கா அனுப்பிடுறேன்னு சொன்னப்ப அவரு கை ஒரு நொடி நின்னுச்சு. ஊசி அப்படியே நின்னுச்சு. அப்புறம் ஒண்ணுமே சொல்லாம தைக்க ஆரம்பிச்சாரு. அது கேட்டதால நின்னுச்சா, இல்ல நூல் சிக்கி நின்னுச்சா, எனக்குத் தெரியல. கேட்டிருந்தா அவரு ஏன் வேணாம்னு சொல்லல? நாளைக்கு அவங்க கையப் பத்திக் கேக்க மாட்டாங்க. யாருக்குத் தலையாட்டினாரு, அத மட்டும் சொல்லுன்னுதான் கேப்பாங்க. அப்ப நான் என்னடி சொல்லுவேன்?