பூஜையில் வைத்த உபுண்டு

அழகியநம்பி உபுண்டுவைக் கண்டுபிடித்தார். விண்டோஸைப் போலக் கணினியை இயக்கும் இலவச மென்பொருளாக உலகத்தில் அது பல வருடங்களாக இருந்துகொண்டிருக்கிறது என்பது வேறு விஷயம். கேரளத்துக் கிழக்கேகோட்டையில், சொரிமுத்து அண்ணாச்சியின் வரி ஆலோசனை அலுவலகத்தில், தன் தலைமைக் கணக்கர் நாற்காலியில் சாய்ந்தபடி யூடியூபில் அவர் பார்த்த அன்றுதான் அவரைப் பொறுத்தவரை அது பிறந்தது.

தேவையும் இருந்தது. கணினிகளில் ஓடிய விண்டோஸுக்குக் காலம் முடியப்போகிறது என்று திரையில் தினமும் எச்சரிக்கை வந்தது. புதிய பதிப்பை அந்தக் கிழட்டுக் கணினிகள் தாங்காது. அதைவிடப் பெரிய தேவை அழகியநம்பிக்கு இருந்தது. கொஞ்ச நாளாக அண்ணாச்சி, "உமக்கும் வயசாகுதுல்லா வே, நாகர்கோயில்ல வீடு சும்மாத்தானே கெடக்கு" என்று கரிசனமாகப் பேச ஆரம்பித்திருந்தார். முதலாளியின் கரிசனத்துக்கு என்ன அர்த்தம் என்று தெரியாத அளவுக்கு அழகியநம்பி அப்பாவி இல்லை. ஐம்பது தாண்டியவருக்கு வேறு யார் நாற்காலி போடுவார்கள்? வீட்டில் சும்மா உட்கார்ந்தால் ஒரே வாரத்தில் மனைவி வடிவாம்பாளே துரத்திவிடுவாள். அவருக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. காலத்துக்கு ஏற்ற ஆள்தான் என்று காட்டியே ஆகவேண்டும்.

"அண்ணாச்சி, இது ஓசிதான். வைரசும் வராது. ரிப்பேர்க்காரன் வினீத்தக் கூப்பிடவே வேண்டாம், நானே போட்டிருவேன்" என்றார்.

ஓசி என்ற சொல்லுக்கு அண்ணாச்சி உடனே தலையாட்டினார்.

அதன்பிறகு தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பின் வகுப்பு நடந்தது. மாணவர்கள் இருவர், ஷிஜாவும் பிரதீஷும். இருவரும் உள்ளூரிலேயே படித்து வேலைக்கு வந்த இளம் கணக்கர்கள். அந்த மென்பொருள் குடும்பத்தின் சின்னம் என்று அழகியநம்பி பலகையில் பென்குயின் வரைந்தார். அது காகம் மாதிரி வந்தது. "இதுதான் ஃபோல்டர். பயப்படாதே, கேட்டியா மக்கா? நானும் ஒரு காலத்துல ஒண்ணும் தெரியாமத்தான் இருந்தேன்" என்றார். அந்த ஒரு காலம் போன மாதம் என்பதைச் சொல்லவில்லை.

"அப்போ சி டிரைவ் இதில் எவிடெ, சாரே?" என்று ஒருநாள் பிரதீஷ் கேட்டான். அந்தக் கேள்வியில் மகிழ்ந்துபோய் இருவருக்கும் வாழைப்பழத்தில் பொரித்த பழம்பொரி வாங்கிக் கொடுத்தார்.

நிறுவுவதற்கு அவர் தேர்ந்தெடுத்த நாள் துர்காஷ்டமி. இந்த ஊரில் அன்று சாயங்காலம் புத்தகத்தையும் தொழில் கருவியையும் பூஜைக்கு வைத்துவிட்டால், விஜயதசமி காலை வரை யாரும் தொடக் கூடாது. படிக்கவும் கூடாது, எழுதவும் கூடாது. அண்ணாச்சி திருநெல்வேலிக்காரர்தான், ஆனால் இந்த வழக்கத்தை உள்ளூர்க்காரர்களைவிடக் கெட்டியாகப் பிடித்திருந்தார். உபுண்டுவைப் போட்டு அப்படியே பூஜையில் ஏற்றிவிட்டால் விஜயதசமியன்று மங்களகரமாகத் திறக்கலாம் என்பது அழகியநம்பியின் திட்டம். அந்தத் திட்டத்துக்காகத் தன்னைத் தானே மெச்சிக்கொண்டார்.

அலுவலகத்தை நம்பி வரும் கட்சிக்காரர்களின் வரிக் கணக்கெல்லாம் இருந்தது அண்ணாச்சியின் அறைக் கணினியில். அதில் புதியதைப் போடுமுன் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவைக்க வேண்டும். அழகியநம்பி முகப்புத் திரையில் இருந்த அத்தனையையும் வளைத்துப் பிடித்துப் பென் டிரைவில் போட்டார். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்தது.

"இத்தன வருசக் கணக்கு! ஒரு நிமிசம் ஆகல, பாத்தியா ஷிஜா?"

"சாரே, அது..." என்று ஷிஜா ஆரம்பித்தாள்.

"சந்தேகமெல்லாம் அப்புறம் கேளு மக்கா" என்று சொல்லிவிட்டு, பூஜைக்கு அவலும் பொரியும் வாங்கச் சாலைக் கடைத்தெருவுக்குப் போனார். பேரம் பேசி, டீ குடித்து, சாவகாசமாகத் திரும்பி வந்து, டிஸ்க் முழுவதையும் அழித்து நிறுவு என்ற பொத்தானை அழுத்தினார். சாயங்காலம் கணினிகளுக்குச் சந்தனப் பொட்டு வைத்தார்கள். பென் டிரைவ் பித்தளைத் தட்டில் பூவோடு அமர்ந்தது. அண்ணாச்சி கதவைப் பூட்டிச் சாவியை மடியில் செருகினார்.

மறுநாள் மத்தியானம் சாப்பிடும்போது வடிவாம்பாளிடம் அந்த ஒரு நிமிடப் பெருமையைச் சொன்னார்.

"எங்கண்ணன் மக கல்யாண போட்டோவ ஏத்தவே அரைநாள் ஆச்சே. உங்க ஆபீஸ் அவ்வளவு சின்னதா?" என்று கேட்டாள் அவள்.

பாயசத்தைப் பாதியில் வைத்துவிட்டார். திரையில் இருந்த ஒவ்வொரு படத்தின் மூலையிலும் ஒரு குட்டி அம்புக்குறி இருந்தது ஞாபகம் வந்தது. அம்புக்குறி இருந்தால் அது ஃபைல் இல்லை, கணினிக்குள் டி டிரைவில் கிடக்கும் ஃபைலுக்குப் போகும் வழி மட்டும்தான். இது அவருக்கு நன்றாகத் தெரியும். வகுப்பில் இதற்கென்றே ஒரு நாள் ஒதுக்கிப் படம் போட்டு விளக்கியவரே அவர்தான். ஊரையெல்லாம் அழித்துவிட்டு, ஊருக்குப் போகும் கைகாட்டிகளை மட்டும் பத்திரமாகப் பிடுங்கி வைத்திருக்கிறார்.

ஸ்ரீவராகத்தில் இருந்த அண்ணாச்சி வீட்டுக்கு ஓடினார்.

"சாவி வேணும் அண்ணாச்சி. சும்மா... வெளக்கு சரியா அணைஞ்சிருக்கான்னு..."

"பூஜையில இருக்கத தொடப்பிடாது வே. நாளைக்கு விடியட்டும்" என்றார் அண்ணாச்சி.

திரும்பும் வழியில் கோயில் வாசலில் நின்று பத்மநாபனைக் கும்பிட்டார். டி டிரைவ் என்றால் என்னவென்று பெருமாளுக்கு எப்படி விளக்குவது என்று தெரியாமல், "எப்படியாவது பாத்துக்கோ" என்று பொதுவாக விட்டார். இரவு தூக்கம் வரவில்லை. நாகர்கோயில் வீட்டின் திறக்காத ஜன்னல்கள் வரிசையாக நினைவுக்கு வந்தன.

விஜயதசமி காலையில் எல்லோரும் தட்டில் பரப்பிய அரிசியில் விரலால் எழுதினார்கள். பிறகு அண்ணாச்சி சொன்னார்: "மொத ஃபைல நீரே தெறயும்." சொல்லிவிட்டு, கட்சிக்காரர் ஒருவர் போனில் கூப்பிடவே, பேசிக்கொண்டு வாசலுக்குப் போனார்.

பென் டிரைவில் பெயர்கள் எல்லாம் இருந்தன. ஒன்றும் திறக்கவில்லை. அழகியநம்பி மறுபடி மறுபடி அமுக்கிப் பார்த்தார். ஷிஜா பக்கத்தில் வந்து ஒரு ஹார்ட் டிஸ்கைச் செருகினாள்.

"டி டிரைவ் முழுவன் இதில உண்டு சாரே. சார் அவல் வாங்கப் போனப்ப காப்பி பண்ணினேன்."

கணக்குகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அடுத்த மேசையில் பிரதீஷ், கறுப்புத் திரையில் எதையோ படபடவென்று தட்டி பிரிண்டரை ஓடவிட்டான்.

"உங்களுக்கு இதெல்லாம் எப்படி..."

"இவிடெ ஸ்கூல்ல உபுண்டுதானே சாரே. எட்டாம் கிளாசு முதலே" என்றாள் ஷிஜா தயங்கியபடி. "சார் அத்தன சந்தோசமா பாடம் எடுத்தீங்க. சொன்னா சாருக்குச் சங்கடமாகும்னு..."

கேரளத்தில் பள்ளிக்கூடம் போன பிள்ளைகளுக்கு, நாகர்கோயிலில் படித்த அவர், பென்குயின் வரைந்து காட்டியிருக்கிறார்! பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது. கிழக்கேகோட்டைத் தரை வெறும் சிமெண்டாக இறுகிக் கிடந்தது.

"எல்லாம் சரிதான?" என்று அண்ணாச்சி உள்ளே வந்தார்.

"சார் எல்லாம் நல்லா செஞ்சார்" என்றாள் ஷிஜா.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அழகியநம்பியால் முடியவில்லை. "இல்ல அண்ணாச்சி. நான் எல்லாத்தயும் அழிச்சிட்டேன். காப்பாத்தினது இந்தப் பிள்ள. இதுங்களுக்கு நாந்தான் பாடம் எடுத்தேன், அது வேற" என்றார். நாற்காலி போயிற்று என்று நினைத்துக்கொண்டார்.

அண்ணாச்சி பிள்ளைகள் இருவரையும் டீ குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினார். கதவைச் சாத்தினார். நாற்காலியை இழுத்துப் போட்டுப் புதிய திரையின் முன் உட்கார்ந்தார். இத்தனை வருடத்தில் அவர் முகத்தில் அப்படியொரு கூச்சத்தை அழகியநம்பி பார்த்ததில்லை.

"இது ஒண்ணும் வெளங்கல வே. அந்தப் புள்ளைககிட்ட கேக்க வெக்கமா இருக்கு. கேட்டாலும் படபடன்னு சொல்லிட்டுப் போயிரும். ஆபீஸையே மூடிட்டு ரெண்டு பேருமா ஊருக்குப் போயிரலாமான்னுகூட நெனச்சேன்." குரலைத் தாழ்த்தினார். "நீரு இருந்து சொல்லிக்குடும். நான் எங்க விழுவேன்னு உமக்குத்தான் தெரியும். எல்லாக் குழியிலயும் நீரு மொதல்லயே விழுந்தாச்சுல்லா."

இவ்வளவு பெரிய அவமானத்தை அழகியநம்பி இவ்வளவு சந்தோஷமாக எப்போதும் வாங்கிக்கொண்டதில்லை. கண்ணைத் துடைத்துவிட்டுத் தன் நாற்காலியை அண்ணாச்சிக்குப் பக்கத்தில் நகர்த்தினார்.

"மொதல்ல மவுஸப் பிடியுங்க அண்ணாச்சி. எதையும் அழிக்காதீங்க. அத நான் பாத்துக்கிடுதேன்."